பார்த்ததற்குக் கூலி

மந்தைவெளியில் ஃப்ரிட்ஜ் கீழிருந்து சாகும். கம்ப்ரசர் பழுதில்லாமல் ஓடும், கதவைத் திறந்தால் விளக்கு எரியும். ஆனால் அடித்தகடும் கால் பொருத்திய இடமும் துருவேறிக் கையோடு வந்துவிடும். காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு இங்கிருந்து நடந்தே போகலாம். கோடையில் நண்பகல் தாண்டிக் கடல் காற்று இறங்கியதும் வீடுகளில் ஜன்னல்கள் திறக்கும். வியர்வையை ஆற்றும் அதே காற்றுதான் உப்பையும் கொண்டுவந்து தகட்டின் மடிப்புகளில் சேர்த்துவிட்டுப் போகிறது.

கம்பெனி கொடுக்கும் விளக்கப் புத்தகங்களில் இது இருக்காது. மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், சாந்தோம், பட்டினப்பாக்கம் என்ற சின்ன வட்டத்துக்குள்ளேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்துவரும் ஒரு மெக்கானிக்குக்கு இது பாலபாடம். இவர் பெயரைப் போட வேண்டாம் என்கிறார். அடக்கம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். “பேரைப் போட்டா ஓசியில வைத்தியம் கேக்கிறவங்க போன்தான் சார் அதிகமாகும்.”

கிண்டி ஐடிஐயில் படித்துவிட்டு, ஒரு சர்வீஸ் சென்டரில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, 1990-களின் தொடக்கத்தில் தனியாக வந்தவர். அப்போது ஒரு டிவிஎஸ் 50, பின்னால் கட்டிய ரெக்சின் பை, பைக்குள் டெஸ்டர், கட்டிங் பிளேயர், மல்டிமீட்டர், சோல்டரிங் அயர்ன். கடை கிடையாது. மந்தைவெளி மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடையின் போன்தான் விலாசம். கடைக்காரர் சீட்டில் குறித்துவைப்பார்: ‘நார்ட்டன் ரோடு, மாடி, மிக்ஸி புகை.’ சீட்டின் பின்புறம் யாருக்கோ போட்ட அரைக் கிலோ துவரம்பருப்புக் கணக்கு இருக்கும்.

வீட்டுச் சாமான்கள் மயிலாப்பூர் வட்டாரத்தில் பெருகிய கதையும் இவருடைய தொழில் கதையும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. விவேக்ஸ் 1965-இல் மயிலாப்பூரில் ஒரு சிறு கடையாகத்தான் தொடங்கியது. பிற்பாடு அதன் ஜனவரி 1 தள்ளுபடி விற்பனைக்கு ஊரே வரிசையில் நின்றது. புத்தாண்டு அன்று வாங்கிய ஃப்ரிட்ஜுக்கு உத்தரவாதம் முடியும் காலம் தெரியுமாதலால், எந்த மாதத்தில் எந்த வீட்டிலிருந்து அழைப்பு வரும் என்று மெக்கானிக்குகளுக்கு ஓரளவு கணக்கு இருந்தது.

மிக்ஸியின் வரலாற்றையே ஒரு பழுதிலிருந்து தொடங்கலாம். மும்பையில் சீமென்ஸ் நிறுவனப் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் ஜெர்மானிய பிரான் மிக்ஸி ஒன்று இருந்தது. அது நம் ஊர் அரைப்புக்குத் தாங்கவில்லை. அவர் 1963-இல் கொண்டுவந்ததுதான் சுமீத். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1955-இல், கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார கிரைண்டரைச் செய்திருந்தார். 1978-இல் சென்னையில் ப்ரீத்தி மிக்ஸி பிறந்தது. வெளிநாட்டு மோட்டார் முட்டையை நுரைக்கவும் பழத்தைக் கூழாக்கவும் செய்யப்பட்டது. நம் மோட்டாரோ ஊறாத மிளகாயையும் கொப்பரையையும் உடைத்தாக வேண்டும். மயிலாப்பூர் வீடுகளில் சுமீத்தைத் தலைமுறை தாண்டி வைத்திருந்தவர்கள் உண்டு. கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றிக்கொண்டே போகலாம், அதனால் நீடித்தது. இன்றும் பரணிலிருந்து ஒன்றை இறக்கி, “ஓடுமா பாரு” என்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஓடிவிடும்.

மிக்ஸி என்றதும் இவருக்கு ஒரு சிவப்புப் பட்டன் நினைவுக்கு வரும்.

செயின்ட் மேரீஸ் சாலையில் ஒரு வீடு. மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டது என்று அழைப்பு. போய்த் தலைகீழாகத் திருப்பினார். அடியில் ஓவர்லோடு பட்டன் வெளியே தள்ளியிருந்தது. அமுக்கினார், ஓடியது. “அவ்வளவுதானா? இதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்?” என்றார் மாமி. இத்தனைக்கும் காசு பற்றி இவர் வாயே திறக்கவில்லை.

“என்ன அரைச்சீங்க மாமி?”

“அடைக்கு. எப்பவும் அரைக்கறதுதான்.”

ஜாரைக் கையில் எடுத்து பிளேடை விரலால் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை. புஷ்ஷுக்குள் பழைய மாவு இறங்கி, காய்ந்து, கல்லாகியிருந்தது. மோட்டார் ஒவ்வொரு முறையும் அந்தக் கல்லையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறது. பட்டன் தானாக வெளியே வந்தது மோட்டாரைக் காப்பாற்றத்தான். அமுக்கிவிட்டுப் போயிருந்தால் இரண்டு நாளில் திரும்பத் தள்ளியிருக்கும். வீட்டுக்காரர்கள் அமுக்கி அமுக்கியே ஓட்டியிருந்தால் வைண்டிங் கருகியிருக்கும். ஜாரின் அடிப்பாகத்தைக் கழற்றி, புஷ்ஷைச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, பிளேடு தன் பாட்டுக்குச் சுற்றுவதை மாமியையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். பாகம் எதுவும் மாற்றவில்லை. மாமி ஐம்பது ரூபாய் கொடுத்தார். டபரா நிறையக் காபியும் வந்தது. ஐம்பது போதுமா என்பது வேறு விஷயம்.

இந்தத் தொழிலின் நெருடல் முழுக்க அந்த ஐம்பது ரூபாயில்தான் இருக்கிறது. பாகம் மாற்றினால் ஜனங்கள் காசு கொடுப்பார்கள். கழற்றிய பழைய பாகத்தை எதிரில் வைத்தால் இன்னும் மனமாரக் கொடுப்பார்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்ததற்கு மட்டும் காசு கேட்டால் முகம் மாறும். இதனால்தான் தேவையில்லாத பாகத்தை மாற்றும் மெக்கானிக்குகள் உருவாகிறார்கள். அவர்களைத் திட்டுகிறோம். உண்மையைச் சொன்ன ஆளை வெறுங்கையோடு அனுப்பிய வீடுகள் பற்றி யாரும் பேசுவதில்லை.

இவர் ஒரு கட்டத்தில் போனிலேயே பார்க்கும் கூலியைச் சொல்லிவிட ஆரம்பித்தார். வேலை செய்தால் அது கூலியில் கழியும், செய்யாவிட்டால் அதுதான் கூலி. அழைப்புகள் குறைந்தன. தகராறும் குறைந்தது.

கடல் காற்றுக்கு வருவோம். பழைய ஃப்ரிட்ஜுகளில் பின்பக்கம் கறுப்பாகக் கம்பிகளோடு ஒரு கண்டென்சர் தொங்கும். தூசு படியும், அசிங்கமாக இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியும். பிறகு வந்த பல மாடல்களில் அந்தக் குழாயைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள் மறைத்துவிட்டார்கள். பின்பக்கம் வழவழவென்று ஆயிற்று. சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்று விளம்பரம் வந்தது. கதவு ஓரத்தில் வேர்க்காமல் இருக்க அங்கேயும் ஒரு சூடான குழாய் சுற்றி வரும். உப்பு தகட்டைத் தின்றபின் தின்பது இந்தக் குழாய்களைத்தான். காஸ் மெல்ல வெளியேறும், குளிர்ச்சி குறையும். ஒருவர் வந்து காஸ் ஏற்றிவிட்டுப் போவார். சில மாதங்களில் மறுபடி அதே கதை. மூன்றாவது ஆள், “உள் லீக் சார், ஒண்ணும் பண்ண முடியாது, புதுசு வாங்கிடுங்க” என்பார்.

ஒன்றும் செய்ய முடியாது என்பது பாதி உண்மை. மறைந்த குழாயை வெளியே எடுக்க முடியாது. ஆனால் அதை வெட்டி ஒதுக்கிவிட்டு, பின்பக்கம் பழைய பாணியில் ஒரு கண்டென்சரைக் கட்டி, புது டிரையர் வைத்து, காஸ் ஏற்றினால் ஃப்ரிட்ஜ் பிழைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் லீக் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றிப் பூட்டிவிட்டு, கேஜ் முள் இறங்குகிறதா என்று மறுநாள் காலையில் வந்து பார்ப்பார். அந்த ஒரு இரவுக் காத்திருப்புக்குத்தான் பலருக்குப் பொறுமை இல்லை, மெக்கானிக்குகளையும் சேர்த்து.

காஸும் இவர் கண் முன்னாலேயே மாறியது. தொழில் கற்றபோது எல்லா ஃப்ரிட்ஜிலும் ஆர்-12. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992-இல் சேர்ந்தது. 2010-க்குள் அந்த வகை காஸ்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. இடையில் ஆர்-134ஏ வந்தது. ஓசோனை அது தொடாது, ஆனால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜுகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் காஸ் சிலிண்டரில் இருப்பவற்றின் சொந்தக்காரன், தீப்பற்றும். எடையில் பழைய அளவில் பாதிகூட வேண்டாம். கையால் தொட்டு, காதால் கேட்டு ஏற்றிய காலம் போய், கிராம் காட்டும் தராசு பைக்குள் வந்தது. ஜன்னலைத் திறந்து, அடுப்பை அணைத்து, பழைய காஸை வெளியே விட்டுவிட்டுத்தான் டார்ச்சைப் பற்றவைப்பார். புது காஸ் வந்ததும் ஃப்ரிட்ஜ் வேலையையே விட்டுவிட்ட சீனியர்கள் உண்டு. அவர்கள் பயந்தது நியாயம்தான்.

வாஷிங் மெஷின் விஷயத்தில் கோளாறு மெஷினிலேயே இல்லாமல் இருப்பது இன்னும் சகஜம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. கடைசி மாடி வீட்டில் புது ஃப்ரன்ட் லோடு. தண்ணீர் வரவில்லை என்று திரையில் எழுத்து வந்து நிற்கும். கம்பெனி ஆட்கள் வந்து இன்லெட் வால்வை மாற்றினார்கள். பிறகு போர்டை மாற்றினார்கள். மெஷின் மாறவில்லை. இவர் போனதும் மெஷினைப் பார்க்காமல் மொட்டை மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டி அந்த வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில்கூட இல்லை. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். இந்த வகை மெஷின்கள் பலவற்றுக்குக் குறைந்தது 0.3 பார் வேண்டும், அதாவது மூன்று மீட்டர். கீழ் வீட்டுக்காரருக்கு அதே மெஷின் அருமையாக ஓடும். மேல் வீட்டுக்காரருக்கு ஓடாது. மெஷினுக்கு முன்னால் ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்ததோடு பிரச்சினை தீர்ந்தது. கழற்றிப் போட்ட வால்வும் போர்டும் நல்லவைதான்.

அதனால்தான் இவர் புது வீட்டுக்குப் போனால் முதலில் கேட்பது பிராண்டு இல்லை. எந்த மாடி? மெட்ரோ தண்ணியா, போர் தண்ணியா, லாரியா? 2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது இந்தக் கேள்விக்கு வீட்டுக்காரர்களாலேயே பதில் சொல்ல முடியவில்லை. காலையில் ஒரு லாரி, மாலையில் வேறொரு லாரி, எந்தக் கிணற்றுத் தண்ணீரோ. அந்த ஆண்டு இன்லெட் வால்வின் சல்லடையில் மணலும், ஹீட்டரில் சுண்ணாம்பு ஓடும், டிரம்முக்குப் பின்னால் மஞ்சள் சேறும் எடுத்தார். சோப்புத் தூளை இரட்டிப்பாகப் போட்டும் நுரை வரவில்லை என்று மெஷினைக் குறை சொன்ன வீடுகளில், ஒரு தம்ளர் தண்ணீரில் சோப்பைக் குலுக்கிக் காட்டிவிட்டு வந்தார். உப்பு நீரில் நுரை எங்கிருந்து வரும்?

உயிரினங்களையும் சொல்லியாக வேண்டும். ஏசியின் வெளிப்புறப் பெட்டியில் பல்லி போர்டின் இரண்டு முனைகளைத் தொட்டுச் செத்துக் கிடக்கும். ரிலேக்குள் எறும்பு கூடு கட்டும். வாஷிங் மெஷினுக்கு அடியில் எலி குடியிருக்கும், டிரெய்ன் பைப்பைக் கடிக்கும். ‘தண்ணி ஒழுகுது’ என்று அழைப்பு வந்தால், பைக்குள் ஸ்பேர் பைப்போடு ஒரு கம்பி வலைத் துண்டும் போகும்.

மின்சாரம் தனிக் கதை. தெருவுக்கு வருவது மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுகளுக்கு இடையே 400-க்கு மேல். நியூட்ரல் எங்காவது அறுந்தால், வீடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அந்த 400-ஐப் பங்கு போட ஆரம்பிக்கும். அதிகச் சாமான் ஓடும் பக்கத்துக்குக் குறைந்த வோல்ட், குறைவாக ஓடும் பக்கத்துக்கு அதிக வோல்ட். விளக்கை அணைத்துவிட்டு ஒழுங்காகத் தூங்கியவர் வீட்டில்தான் எல்லாம் வெடிக்கும். இதைவிட அநியாயமான விதி கிடையாது. ஒரு மழை இரவில் மந்தைவெளித் தெரு ஒன்றில் அப்படி நடந்தது. மறுநாள் காலையில் வீடு வீடாக டிவி, ஃப்ரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், மோடம் என்று வரிசை.

போர்டுகளில் மின்சாரம் நுழையும் இடத்தில் வேரிஸ்டர் என்று ஒரு சின்ன வில்லை இருக்கும். வோல்டேஜ் எகிறினால் அது தன்னைப் பலி கொடுத்து ஃபியூஸை அறுத்து, பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றும். அன்று பல போர்டுகளில் செத்தது அந்த வில்லையும் ஃபியூஸும் மட்டுமே. சில பத்து ரூபாய்ச் சமாச்சாரம். அதே போர்டுக்கு ஒரு சர்வீஸ் சென்டர் ஆயிரக்கணக்கில் விலை சொல்லியிருந்தது. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று இவர் சொல்லவில்லை. அங்கே வேலை செய்யும் பையனுக்குப் போர்டை மாற்ற மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், சோல்டரிங் அயர்னே அவன் பையில் கிடையாது என்கிறார்.

இந்தச் சில்லறைப் பாகங்களுக்கு ஒரே புகலிடம் ரிச்சி தெரு. 2004-இல் பறக்கும் ரயில் மந்தைவெளியைத் தொட்டபின் அங்கே போவது எளிதாயிற்று. சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தால் போதும். ஒரு காலத்தில் கையால் வரைந்த சர்க்யூட்டோடு போய்க் கடைக்காரரோடு விவாதித்து வாங்கினார். இப்போது போனில் படத்தைக் காட்டினால் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் இப்போதைய போர்டுகள் பலவற்றின் மேல் ரப்பர் மாதிரி ஒரு பசையை ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஈரமும் உப்பும் பல்லியும் அண்டாது. இந்தக் கடலோரத்துக்கு அது உண்மையிலேயே நல்லது. பாகத்தைத் தொட முடியாது என்பதுதான் கெடுதல். பசையைப் பிளேடால் சுரண்டி எடுக்கும்போது பக்கத்துப் பாகமும் சேர்ந்து வருவதுண்டு. இரண்டு மணி நேரம் சுரண்டிய கூலியை எந்த வீட்டுக்காரரிடம் கேட்பது?

2015 டிசம்பர் பற்றிக் கேட்டால் மட்டும் இவர் உட்கார்ந்து பேசுகிறார். செம்பரம்பாக்கம் ஏரியில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட டிசம்பர் 1 இரவு, அடையாற்றின் இரு கரைகளிலும் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. கோட்டூர்புரத்தில் தரைத்தள வீடுகள் மூழ்கின. ஆற்றை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத் தெருக்களிலும் ஏறியது. தண்ணீர் வடிந்து சிக்னல் வந்ததும் இவர் போனில் சொன்னது ஒன்றே ஒன்று: யாரும் எதற்கும் ஸ்விட்ச் போடாதீங்க.

மூழ்கிய சாமானைத் தண்ணீர் கொல்வதில்லை. ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால்தான் சாகும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் பூட்டிய இரும்புக் குடம், அதற்குள் ஆற்று நீர் போகாது. வெளியே இருக்கும் ரிலே, தெர்மோஸ்டாட், இணைப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் மோட்டார்களைப் பிரித்து, முதலில் நல்ல தண்ணீரில் கழுவினார். வீட்டுக்காரர்கள் பதறிப்போனார்கள். நனைந்ததை மறுபடி நனைப்பதா? சேறு உலர்ந்து வைண்டிங்கில் ஒட்டிக்கொண்டால் அது ஈரத்தைப் பிடித்தே வைத்திருக்கும், அதனால் கழுவித்தான் ஆக வேண்டும். பிறகு உலர்த்த வேண்டும். வெயில் சரியாக இல்லை. மொட்டை மாடியில் மோட்டார்களை வரிசையாக வைத்து, மேகம் கூடினால் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே அட்டைப்பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு அதன் பக்கத்தில் வைத்தார்கள். மெக்கர் வைத்துப் பார்த்து, இன்சுலேஷன் தேறியபிறகே வார்னிஷ், அதற்கப்புறம்தான் மின்சாரம்.

அந்த வாரங்களில் ஏடிஎம்மில் பணம் இல்லை, பல வீடுகளில் பர்ஸே இல்லை. கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். பெரும்பாலும் வந்துவிட்டது. கடைசிப் பாக்கிகள் வசூலாகும் நேரத்தில் 2016 நவம்பரின் பணமதிப்பிழப்பு வந்தது. ஒருவர் மிகுந்த பெருந்தன்மையோடு பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாகவே கடனைத் தீர்த்தார்.

கடற்கரையை ஒட்டிய சீனிவாசபுரம் இவர் வட்டத்தின் மறுமுனை. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி புகுந்த இடம். அன்று அங்கே பழுதுபார்க்க எதுவும் மிஞ்சவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. அவை ஒரே கம்பெனி செய்தவை அல்ல. ஒன்றின் கப்ளர் இன்னொன்றுக்குச் சேராது. வாடிக்கையாளர்களைப் பார்த்து மெக்கானிக்குகள் சிலர், “அதெல்லாம் நாங்க பாக்கிறதில்ல” என்று ஒதுங்கினார்கள்.

“இன்னாண்ணே, கவர்மென்ட் மிக்ஸின்னா தொட மாட்டியா?” என்று மீன் விற்கும் அம்மா ஒருவர் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டார். வாங்கிப் பார்த்தார். குழம்பு மசாலா அரைத்துக் கப்ளர் பல் போயிருந்தது. மோட்டாரில் குறை ஒன்றும் இல்லை. அதன் பிறகு ரிச்சி தெருவுக்குப் போகும்போதெல்லாம் அந்த மாடல்களின் கப்ளர்களைக் கைநிறைய வாங்கிவந்து வைத்துக்கொண்டார். லாபம் சொற்பம். ஆனால் பார்த்த கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்த பகுதி எது என்று கேட்டால், மயிலாப்பூர் மாட வீதிகளைச் சொல்லாமல் இதைத்தான் சொல்கிறார்.

ஆண்டுக்கொரு ஓட்டம் உண்டு. சித்திரை, வைகாசியில் ஃப்ரிட்ஜும் ஏசியும். தீபாவளிக்கு முந்தைய வாரம் கிரைண்டர். ஆயுத பூஜை அன்று மல்டிமீட்டருக்கும் பொட்டு, எந்த அழைப்பும் எடுபடாது. பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூருக்குள் வண்டியை விட முடியாது. மார்கழி மட்டும் சமீப காலத்தில் சேர்ந்தது. கச்சேரி சீசனுக்கு அமெரிக்காவிலிருந்து வருபவர்கள், ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடந்த ஃப்ளாட்டைத் திறப்பார்கள். ஸ்விட்சை அணைத்துக் கதவையும் இறுக மூடிவிட்டுப் போன ஃப்ரிட்ஜுக்குள் கறுப்புப் பூஞ்சை பூத்திருக்கும். கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்துவிட்டுப் போங்கள் என்று ஒவ்வொரு ஜனவரியும் சொல்லி அனுப்புகிறார்.

பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே என்ற வீடுகளில் வேலை வேறு மாதிரி. மந்தைவெளியில் காலை பத்து மணி, நியூ ஜெர்சியில் நள்ளிரவு. வாட்ஸ்அப் வீடியோவில் மகன்: “இவ்வளவு பழைய மெஷினுக்கு எதுக்கு செலவு? புதுசு ஆர்டர் போட்டுடறேன். நீங்களே அப்பாகிட்ட சொல்லுங்க.” அப்பா கண்ணாலேயே வேண்டாம் என்கிறார். அது இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக். திருகினால் டிக் டிக் என்று ஓடும் டைமர். புதியதில் தொடுதிரை, பொடி எழுத்து. எண்பது வயதுக் கண்ணுக்கு அது தெரியாது, விரலின் தொடுதலை அதுவும் உணராது. இவர் டைமரையும் பிரேக் ஒயரையும் மாற்றிவிட்டு, இன்னும் நான்கு ஆண்டுகள் ஓடும் என்று போனைப் பார்த்துச் சொன்னார். மகனுக்குக் கணக்குப் புரியவில்லை. அப்பா சமையலறைக்குள் போய் டிபன் இருக்கிறதா என்று பார்த்தார்.

தூக்கியெறியாமல் பழுதுபார்ப்பதை இப்போது உலகமே பேசுகிறது. ஆம்ஸ்டர்டாமில் 2009-இல் தொடங்கிய ரிப்பேர் கஃபே பல நாடுகளுக்குப் பரவியது. ஃப்ரான்சில் 2021-இல் வாஷிங் மெஷின், போன், டிவி போன்றவற்றுக்கு, பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்ற விதி வந்தது. இந்தியாவில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளமும் திறந்தது. வண்டிகள், போன்கள், விவசாயக் கருவிகளோடு வீட்டுச் சாமான்களும் அதில் உண்டு. இவருக்கு வேண்டியது அவ்வளவு பெரிதல்ல. ஒரு போர்டின் விலை என்ன என்பதை மெஷின் வாங்கும்போதே பில்லில் எழுதிவிட்டால் போதும் என்கிறார். பாதி விலை போர்டுக்கே போகும் என்று தெரிந்தால் ஜனங்கள் வேறு மெஷினை வாங்குவார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் யோசிக்கலாம்.

மின்விசிறிகூட மாறிவிட்டது. முன்பு ஃபேன் மெதுவாகச் சுற்றினால் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை மாற்றிவிட்டு இறங்கலாம். 75 வாட் ஃபேன்களின் இடத்தில் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி வருகிறது. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம். கரன்ட் பில் குறைகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஃபேனின் தலைக்குள்ளும் ஒரு போர்டு வந்துவிட்டது. அந்தப் போர்டைப் பிரிக்க இவர் கற்றுக்கொண்டது கேரளத்து மெக்கானிக்குகளின் யூடியூப் வீடியோக்களில். மலையாளம் பாதிதான் புரியும், சோல்டர் வைக்கும் இடம் முழுசாகப் புரியும்.

இப்போது மெட்ரோ ரயில் வேலைக்காக ஆர்.கே. மடம் சாலையில் வழிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. முன்பு ஐந்து நிமிடத்தில் போன தெருவுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதனால் கேள்விகளைப் போனிலேயே நீட்டிக்கொள்கிறார். சென்ற வாரம் ஒரு மாமியின் அழைப்பு. மெஷினுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது.

“எந்த மாடி மாமி?”

“ரெண்டாவது. உனக்குத் தெரியாதா?”

“தொட்டி கழுவினாங்களா?”

“நேத்திக்குக் கழுவினா. ஏன்?”

குழாயை மூடச் சொன்னார். பைப்பை மெஷின் பக்கம் கையால் திருகிக் கழற்றச் சொன்னார். உள்ளே தெரியும் சல்லடையைக் கொறட்டால் மெல்ல இழுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார். போனை வைக்காமல் காத்திருந்தார். மறுமுனையில் மாமாவுக்கும் மாமிக்கும் கொறடு எங்கே என்று ஒரு சண்டை, பிறகு தண்ணீர் விழும் சத்தம்.

“வந்துடுத்து. மணலா கொட்டித்து போ. உனக்கு என்ன தரணும்?”

“நான் வரவே இல்லையே மாமி.”

“வராட்டா என்ன, பாத்தியோன்னோ. ஜிபே நம்பர் இதேதானே? இரு, மாமாவை அனுப்பச் சொல்றேன். அப்படியே சனிக்கிழமை வந்து அந்த மிக்ஸியையும் பாரு, ஒரு மாதிரி வாசனை வர்றது.”